இழை: ‘ஃபங்ஷனல் ப்ராபர்ட்டி’க்குத் தமிழ் என்ன? (பட்டாணிப் புரதப் பாடம், வெள்ளிக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களுக்கு வணக்கம். உணவுப் பதப்படுத்தல் பட்டயப் படிப்புக்கான பாடநூலில் பட்டாணிப் புரதம் பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பிலேயே நிற்கிறது வண்டி. ‘ஃபங்ஷனல் ப்ராபர்ட்டிஸ்’ என்பதை ‘செயல்பாட்டுப் பண்புகள்’ என்று போட்டிருந்தேன். மேலாய்வாளர் ஓரத்தில் ‘உடலில் என்ன செயல்படுகிறது?’ என்று எழுதித் திருப்பிவிட்டார். இதன்கீழ் வருபவை கரைதல், நீரை விடாமல் வைத்திருத்தல், எண்ணெயை நீரில் கலந்து நிறுத்துதல், நுரைத்தல், சூடாக்கினால் இறுகுதல். ஐந்துக்கும் சொல் கேட்கிறேன்.

உணவு வேதியியல் ஆசிரியை:
மேலாய்வாளர் கேட்டது சரிதான். பட்டாணிப் புரதத்தின் அமினோ அமிலங்களில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு என்பதெல்லாம் ஊட்டப் பண்பு. இந்த இயல் பேசுவது வேறு: பொடி பாத்திரத்துக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்பது. ‘செயல்பாட்டு உணவு’ என்று உடல்நல விளம்பரங்களில் மூன்றாவதாக ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மாணவர் தேர்வில் செரிமானத்தைப் பற்றி எழுதிவைப்பார்.

தமிழாசிரியர்:
‘ஆக்கப்பண்பு’ என்று சொல்லலாம். ஆகு என்பது தன்வினை, ஆக்கு பிறவினை. சோறாக்குகிறோம், கறியாக்குகிறோம். ‘ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை’ என்ற பழமொழியில் ஆக்குதல் சமையல்தானே? தானாக ஆவது ஊட்டப் பண்பு, நாம் ஆக்கும்போது தெரிவது ஆக்கப்பண்பு. இனி ஆகு, ஆக்கு, ஆக்கம், ஆக்கை என்று தொடர்ந்து போனால், ‘யாக்கை’ என்ற உடலுக்கான சொல்லும் யா என்னும் வேரில்…

தரக்கட்டுப்பாட்டு அலுவலர்:
ஐயா, யாக்கை வரைக்கும் போய்விட்டால் மேலாய்வாளர் கேட்ட உடலுக்கே திரும்பி வந்துவிடுகிறோமே!

‘ஆக்கம்’ என்பதை ஏற்கெனவே எல்லா இடத்திலும் ஒட்டாகப் போட்டுத் தேய்த்துவிட்டோம். பால்மமாக்கம் (எண்ணெயை நீரில் கலந்து நிறுத்துவது), தொழில்மயமாக்கம். ‘பால்மமாக்கம் ஓர் ஆக்கப்பண்பு’ என்று எழுதிப் பாருங்கள், வாய் குழறும். தொழிற்சாலைத் தளத்தில் எல்லாரும் ‘ஃபங்ஷனாலிட்டி’ என்றுதான் சொல்கிறார்கள். ‘பயன்பாட்டுப் பண்பு’ என்றால் யாருக்கும் விளங்கும்.

தமிழாசிரியர்:
> யாருக்கும் விளங்கும்

விளங்கும், ஆனால் எதையும் சுட்டாது. எந்தப் பண்புக்குத்தான் பயன்பாடு இல்லை? கலைச்சொல்லுக்குக் கூர்மை வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
தலைப்பு கொஞ்சம் ஆறட்டும். நீரை வைத்திருப்பதற்கு ‘நீர்ப்பிடிப்புத் திறன்’ போடலாமா?

தரக்கட்டுப்பாட்டு அலுவலர்:
வேண்டாம். நீர்ப்பிடிப்பு என்றதும் அணையும் மழையளவும்தான் நினைவுக்கு வரும். ‘நீர் உறிஞ்சு திறன்’ என்பதும் தவறு. உலர்ந்த பொடி எவ்வளவு குடிக்கிறது என்பது ஒன்று, குடித்ததைச் சுழற்றிப் பிழிந்த பிறகும் எவ்வளவு விடாமல் வைத்திருக்கிறது என்பது இன்னொன்று. இயல் பேசுவது இரண்டாவதைப் பற்றி. ஒரு கிராம் பொடி, பத்து மில்லி நீர், நன்றாகக் கலக்கி அரைமணி நேரம் வைத்து, மையவிலக்கியில் சுழற்றி, தெளிநீரை வடித்துவிட்டு எடை பார்ப்பது. இதில் ஒரு பொறி இருக்கிறது. நன்றாகக் கரையும் புரதமாக இருந்தால் கரைந்த பகுதி தெளிநீரோடு போய்விடும், எண் குறைவாக வரும். சூட்டில் கெட்டுப்போய்ச் சரியாகக் கரையாத பொடி இந்தச் சோதனையில் நல்ல பெயர் வாங்கிவிடும். ஆகவே கரைதிறனைப் பக்கத்தில் வைக்காமல் இந்த எண்ணைப் படிக்கக்கூடாது என்று ஒரு வரி சேருங்கள்.

தமிழாசிரியர்:
இருத்து என்று நல்ல வினை இருக்கிறது. நீரிருத்து திறன். ‘இருத்து திறன்’ வினைத்தொகை, நடுவில் வல்லினம் மிகாது. த் போட்டு அச்சாக்கிவிடாதீர்கள்.

வேதியியல் ஆசிரியை:
நீரிருத்து திறன் நன்று. எண்ணெய்க் கலவைக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘பால்மம்’ நிலைத்துவிட்டது, அதைத் தொடவேண்டாம். ஆனால் அங்கும் இரண்டு அளவுகள். புரதம் எவ்வளவு எண்ணெயைத் தாங்கும் என்பது பால்மத் திறன். கலந்தது எவ்வளவு நேரம் பிரியாமல் நிற்கும் என்பது பால்ம நிலைப்பு. நுரைக்கும் இப்படியே: நுரைத்திறன், நுரை நிலைப்பு. பொடியில் கொழுப்பு எஞ்சியிருந்தால் நுரை அடங்கிவிடும் என்பதையும் அங்கே சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்து உறுப்பினர்:
எங்கள் பாடநூல்களில் அது குழம்பு. பித்தம் கொழுப்பைக் குழம்பாக்கும் என்றுதான் படிப்போம். பால்மம் என்றால் இங்குள்ள பிள்ளைகளுக்குப் பால்மா (பால்பொடி) நினைவுக்கு வரும். மேலும் இந்தப் புரதத்தில் ‘பட்டாணிப் பால்’ செய்கிறார்கள். பட்டாணிப் பால் ஒரு பால்மம் என்று எழுதுவதைவிடக் குழம்பு தெளிவு.

தரக்கட்டுப்பாட்டு அலுவலர்:
பட்டாணிப் பால் ஒரு குழம்பு என்றால் இங்கே சோற்றில் ஊற்றிவிடுவார்கள் நண்பரே. சொல்லடைவில் இரண்டையும் தரலாம்.

அந்தப் பாலைக் காபியில் ஊற்றினால் திரிந்துபோவதற்கு மட்டும் புதுச்சொல் தேடாதீர்கள். திரிதல்தான். காரணத்தை எழுதுங்கள்: பட்டாணிப் புரதத்தின் சமமின்புள்ளி, அதாவது அதன் நேர், எதிர் மின்சுமைகள் சமனாகும் இடம், பி.எச். 4.5 அளவில் இருக்கிறது. அங்கே மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளுவதில்லை, கூடி வீழ்படிவாகின்றன. காபியின் பி.எச். 5-ஐ ஒட்டி வரும், சூடும் சேர்கிறது, கடின நீராக இருந்தால் கால்சியமும் சேர்கிறது. இதைத் தடுக்கத்தான் டைபொட்டாசியம் பாஸ்பேட் சிறிது சேர்க்கிறார்கள். புரதத்தைப் பிரிப்பதும் இதே குணத்தை வைத்துத்தான்: மாவைக் காரநீரில், பி.எச். 8-க்கு மேல், கரைத்து, மாச்சத்தையும் நாரையும் நீக்கி, அமிலம் விட்டு 4.5-க்கு இறக்கி, படிந்ததை எடுத்து, 7-க்கு ஏற்றித் தெளித்து உலர்த்துவது.

புது உறுப்பினர்:
‘பட்டாணி’யே தமிழ்தானா? மராத்தியில் வாட்டாணா என்கிறார்கள். ‘புரதம்’ ஆங்கிலத்தின் ஒலிபெயர்ப்பு. இரண்டையும் விட்டுவிட்டுப் பண்புக்கு மட்டும் தூய தமிழ் தேடுகிறோமே?

தமிழாசிரியர்:
வடசொல்லுக்குத் தொல்காப்பியமே வழி சொல்லியிருக்கிறது. வந்த சொல் நம் எழுத்தில் அடங்கினால் நம் சொல். பட்டாணி அடங்கியிருக்கிறது, புரதமும். இனி ஆக்கும் சொல்லுக்குத்தான் கட்டுப்பாடு.

மட்டுறுத்துநர்:
பட்டாணியின் பிறப்பிடம் பற்றித் தனி இழை தொடங்கலாம். மீதமிருப்பது இறுகுதல்.

மொழிபெயர்ப்பாளர்:
‘களியாதல்’ என்று வைத்திருக்கிறேன். பள்ளி வேதியியலில் களி உண்டு.

தமிழாசிரியர்:
களி என்றால் கேழ்வரகு. அது மாச்சத்து. புரதத்துக்கு ‘உறைதல்’ போடுங்கள். தயிர் உறைகிறதே.

வேதியியல் ஆசிரியை:
ஐயா கேழ்வரகைச் சொன்னது முக்கியமான இடம். ஆங்கிலத்தில் ஜெலேஷன், ஜெலட்டினைசேஷன், ஜெலட்டின் மூன்றும் குழப்பும். மாச்சத்து மணிகள் நீர் குடித்து ஊதி வெடிப்பது ஒன்று (ஜெலட்டினைசேஷன்). புரதம் இயல்பிழந்து, விரிந்து, வலையாகப் பின்னி நீரைச் சிறைவைப்பது வேறு (ஜெலேஷன்). முன்னதைக் ‘கூழாதல்’ என்றும் பின்னதைக் ‘களியாதல்’ என்றும் பிரித்துவிடலாம். உறைதல் வேண்டாம். ‘95 பாகையில் உறைகிறது’ என்று படிக்கும் மாணவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

சோதனையை இப்படித் தாருங்கள்: 8 விழுக்காட்டில் தொடங்கி இரண்டிரண்டாக 20 வரை குழாய்களில் கரைசல், 90–95 பாகை செல்சியசில் அரைமணி, உடனே குளிர்நீர், இரவு முழுதும் 4 பாகை, பிறகு கவிழ்த்தல். எந்தச் செறிவில் முதலில் வழுக்கி விழவில்லையோ அது ‘மீச்சிறு களிச்செறிவு’. பட்டாணியின் முக்கியப் புரதங்கள் விசிலினும் லெகுமினும். 75 பாகையோடு நிறுத்தினால் விசிலின் மட்டும்தான் ஓரளவு விரியும், லெகுமின் அசையாது, களி தளர்வாக வரும். சுடச்சுட அளப்பதும் தவறு, குளிரும்போதுதான் ஹைட்ரஜன் பிணைப்புகள் கூடி உறுதி ஏறும். ஐயா சொன்ன பழமொழி இங்கே அப்படியே பொருந்துகிறது, ஆறப் பொறுக்கத்தான் வேண்டும்.

தமிழாசிரியர்:
பழமொழியை ஏற்றீர்கள், ஆக்கப்பண்பை ஏற்க மாட்டீர்களா?

வேதியியல் ஆசிரியை:
முதல் முறை வரும்போது ‘ஆக்கப்பண்பு – உணவு ஆக்கும்போது வெளிப்படும் பண்பு’ என்று விளக்கம் இருந்தால் ஏற்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் தலைப்பு ஆக்கப்பண்புகள். உள்ளே கரைதிறன், நீரிருத்து திறன், பால்மத் திறன், நுரைத்திறன், களியாதல். குழம்பு சொல்லடைவில் வரும். எதிர்த்தவர்கள் பொறுத்தருளவும், நாள் இல்லை.

தமிழாசிரியர்:
களிக்கு என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ‘இறுகல்’ என்றாவது போட்டிருக்கலாம்.

தரக்கட்டுப்பாட்டு அலுவலர்:
பயன்பாட்டுப் பண்பே இன்னும் என் கட்சி, ஆனால் மல்லுக்கு நிற்கவில்லை. நீங்கள் அனுப்பிய வரைவின் அட்டவணையில் நீரிருத்து திறனுக்கு அலகு விட்டுப்போயிருக்கிறது. ஒரு கிராம் பொடிக்கா, ஒரு கிராம் புரதத்துக்கா? 50 விழுக்காடு புரதமுள்ள செறிபுரதத்தையும் (கான்சன்ட்ரேட்) 80 விழுக்காடு புரதமுள்ள தனிப்புரதத்தையும் (ஐசொலேட்) ஒரே நிரலில் வைத்திருக்கிறீர்கள்.