“டீச்சர், அழிச்சிட்டு மறுபடி சொல்லவா?” – உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

செங்காங் டீச்சர்:

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஆறில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் துணைப்பாடம் எடுக்கிறேன். ஆகஸ்ட் நெருங்கினால் வாய்மொழித் தேர்வுப் பயிற்சிதான் முக்கால்வாசி வேலை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் (PSLE) தமிழுக்கான 200 மதிப்பெண்ணில் 50 இதற்குத்தான். ஒரு பகுதியை வாய்விட்டு வாசிக்க வேண்டும். பிறகு திரையில் ஒரு சின்னக் காணொளியைப் பார்த்துவிட்டு, எதிரே இருக்கும் தேர்வாளரோடு உரையாட வேண்டும்.

வாசிப்பில் பெரிய பிரச்சினை இல்லை. காணொளியில் என்ன நடந்தது என்று கேட்டால் அதையும் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். “சரி, உங்க அடுக்குமாடி புளோக்கில இப்படி நடந்தா நீ என்ன செய்வே?” என்று கேட்டதும்தான் சிக்கல். கண் தானாகத் திரைப் பக்கம் போகும். காணொளி முடிந்து திரை கறுப்பாகக் கிடக்கும், ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டு பேசுவார்கள். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அதில் ஒரு பையன் வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல்பதிவு அவ்வளவு அழகாக இருக்கும். ஒரு நிமிடப் பதிவுக்காக அழித்து அழித்துப் பத்துப் பதினைந்து தடவை பேசுவானாம், அம்மா சொன்னார். அவன் என் முன்னால் உட்கார்ந்து பேசும்போது ஒரு வாக்கியம் தடுமாறியது. உடனே “டீச்சர், அழிச்சிட்டு மறுபடி சொல்லவா?” என்றான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

வீட்டில் தமிழ் பேசாததுதான் காரணம் என்பார்கள். பாதி சரி. ஆனால் ஆங்கிலத்திலும் இதே கதைதான் என்று அந்த அம்மாவே சொல்கிறார். எனக்குத் தோன்றுவது இதுதான்: இவர்களுக்குப் பேச்சு வரும், நன்றாகவே வரும். திருத்த முடியாத பேச்சு என்றால்தான் பயம். உங்கள் வீட்டில், வேலையிடத்தில் இப்படி ஏதாவது பார்த்திருக்கிறீர்களா?

ஈசூன் அக்கா:

நான் பார்த்தது ஒரு சாவு வீட்டில். எங்கள் பெரியப்பா தவறியபோது குடும்பக் குழுவில் செய்தி போட்ட அரைமணி நேரத்துக்குள் கைகூப்பும் படங்கள் வரிசைகட்டி வந்துவிட்டன. இளசுகள் நேரிலும் வந்தார்கள், குறை சொல்லக்கூடாது. ஆனால் புளோக் கீழே போட்டிருந்த மேசைகளில் கடைசி மேசையாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். கடலையைக் கொறித்துக்கொண்டு, தலையைக் குனிந்து கைப்பேசி. பெரியம்மா பக்கம் ஒருவரும் போகவில்லை.

பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு தங்கச்சி எனக்கு வாட்ஸ்அப்பில் கேட்கிறாள்: “அக்கா, பெரியம்மாகிட்ட என்ன சொல்லணும்?” நான் பத்தடி தள்ளித்தான் நிற்கிறேன்! எழுந்து போய், “ஒண்ணும் சொல்ல வேணாம், போய்க் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல உட்காரு, போதும்” என்றேன். போனாள். பெரியம்மாதான் முதலில் வாய் திறந்தார். “சாப்பிட்டியாம்மா?” என்றார். அவ்வளவுதான், இரண்டு பேரும் பேச ஆரம்பித்து, உடலைப் பதப்படுத்தும் எம்பாமிங், மண்டாய் தகனச்சாலைக்கு வண்டி என்று அலைந்துகொண்டிருந்த எங்களை மறந்தே போனார்கள்.

எங்கள் காலத்தில் இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. அம்மா இழுத்துக்கொண்டு போவார், பின்னால் நின்று பார்ப்போம். இப்போது பிள்ளைகளைச் சாவு வீட்டுக்கு அழைத்துப் போவதே குறைவு. பரீட்சை இருக்கிறது, டியூஷன் இருக்கிறது என்று நாமே வீட்டில் விட்டுவிட்டு வருகிறோம். எல்லாப் பழியையும் டிக்டாக் தலையில் போட எனக்கு மனமில்லை.

துவாஸ் தம்பி:

டீச்சர், அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் மறுபக்கம் பேசப் போகிறேன். ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். இங்கே கப்பல் பட்டறையில் வேலை. 2020-ல் எங்களை விடுதியை விட்டு வெளியே விடாமல் மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்தபோது வீடியோ கால் இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்திருக்கும். தொலைபேசி அட்டை வாங்கித் தேய்த்து எண்ணை அழுத்தி, பேச்சு நடுவில் காசு தீர்ந்துபோன கதையை எங்கள் சீனியர் அண்ணன்கள் இன்னும் சொல்வார்கள். என் மகளுக்குப் பல் முளைத்தது, நடந்தது எல்லாம் நான் திரையில்தான் பார்த்தேன். பார்க்காமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விடுப்பில் ஊருக்குப் போனேன். தினம் “அப்பா அப்பா” என்று உயிரை விடும் பிள்ளை, நேரில் கண்டதும் பாட்டியின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். மிட்டாய் நீட்டினால் அழுகிறாள். என் மச்சான்தான் யோசனை சொன்னான். மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்று மனைவியின் கைப்பேசிக்கு வீடியோ கால் போட்டேன். பிள்ளை ஓடிவந்து எடுத்து, காலையில் கோழி முட்டை போட்டதிலிருந்து ஒன்று விடாமல் சொல்கிறாள்! பேசிக்கொண்டே மெதுவாக வீட்டுக்குள் வந்தேன். திரையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், மறுபடி திரையைப் பார்க்கிறாள். மடியில் வந்து உட்கார இன்னும் சில நாள் பிடித்தது. அதற்குள் விடுப்பில் பாதி போய்விட்டது.

செங்காங் டீச்சர்:

தம்பி, இதற்குக் கோபம் எதற்கு? அக்கா சொன்ன சாவு வீட்டையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. 2014-ல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் வெளியிட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 51 பேர் ஐந்து நாள் இயற்கை முகாமில் திரையே இல்லாமல் இருந்தார்கள். முகத்தையும் உடல்மொழியையும் பார்த்து மனநிலையைக் கண்டுபிடிக்கும் சோதனையில், அதே பள்ளியில் வழக்கம்போல் இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். சின்ன ஆய்வுதான், அதை வைத்து ஊரையே அளக்க முடியாது. முகாமில் கூடி விளையாடியதும் காரணமாக இருக்கலாம். ஆனால் ஐந்தே நாளில் மாற்றம் தெரிந்தது எனக்குத் தெம்பாக இருக்கிறது.

உயர்நிலை அப்பா, உட்லண்ட்ஸ்:

அப்படியானால் என் வீட்டு நிலவரத்தையும் கேளுங்கள். மகள் உயர்நிலை இரண்டு. 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை என்று எந்த நேரத்திலும் கைப்பேசியைத் தொடக்கூடாது, திறன் கடிகாரமும் (ஸ்மார்ட்வாட்ச்) கூடாது என்று கல்வி அமைச்சு சொல்லிவிட்டது. முதல் வாரம் “ஒரே போர்பா” என்று ஒப்பாரி. அப்புறம் கேன்டீனில் ஊனோ சீட்டு ஆட ஆரம்பித்தார்கள். நானும் சந்தோஷப்பட்டேன்.

பார்த்தால், சண்டை கூடிவிட்டது! முன்பெல்லாம் பிடிக்காத தோழியைச் சத்தமில்லாமல் பிளாக் செய்துவிடுவாள், எனக்குத் தெரியவே வராது. இப்போது சீட்டில் ஏமாற்றினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று தினம் ஒரு பஞ்சாயத்து வீட்டுக்கு வருகிறது. ஏனென்றால் சண்டை போட்டவளையே மறுநாளும் அதே மேசையில் பார்க்க வேண்டியிருக்கிறது. போன வாரம் ஒருத்தியோடு பேச்சு நின்றுபோனது. இரண்டு நாள் கழித்து “இப்ப ஓகேபா” என்றாள். எப்படிச் சமாதானம் ஆனீர்கள் என்றேன். “தெரியலபா, அவ வந்து பக்கத்துல உட்கார்ந்தா, நான் சிப்ஸ் கொடுத்தேன்” என்கிறாள். இந்தச் சண்டை எனக்குப் பிடித்திருக்கிறது. என் மனைவிக்குத்தான் பிடிக்கவில்லை, படிப்பு கெடுகிறது என்கிறார்.

மற்றப் பெற்றோர் வீட்டில் எப்படி? பள்ளியில் விட்டதையெல்லாம் சேர்த்து வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுகிறார்களா? இங்கே அதுதான் நடக்கிறது. யாராவது வழி கண்டுபிடித்திருந்தால் எழுதுங்கள்.