பரிசுப் பக்கத்தில் 'ஆண் குழந்தைக்கு, பெண் குழந்தைக்கு' பிரிவை எடுத்துவிடலாமா?

கேள்வி: பண்டிகை விற்பனைக்குப் பொம்மைக் கடையின் இணையதளத்தை மாற்றுகிறோம். இந்தப் பிரிவுகளை எடுத்தால் வாங்க வருபவர்கள் குழம்புவார்களா?

பதில் 1: வேறு வழி காட்டினால் குழம்ப மாட்டார்கள். வயது, விலை, விளையாட்டு வகை (கட்டுமானம், புதிர், சமையல், அறிவியல்) என ஃபில்டர் வையுங்கள். பழைய முகவரிகளைப் புதிய பக்கங்களுக்குத் திருப்பிவிட மறக்காதீர்கள். இல்லையென்றால் கூகுளில் இருந்து வருபவர்கள் காலிப் பக்கத்தில் நிற்பார்கள். பலர் கோட்டை விடுவது படத்தில்தான். தலைப்பு மாறியிருக்கும், ஆனால் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருப்பது பையன், பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பது சிறுமி. பொருளில் யார் கை இருக்கிறது என்று ஒவ்வொரு படமாகப் பாருங்கள்.

பதில் 2: 'அம்மாவுக்கு மிக்ஸி, அப்பாவுக்கு டிரில்' மாதிரி மின்னஞ்சல் தலைப்புகளையும் மாத்துங்க. பிரிட்டனில் 'இது ஆண் வேலை, இது பெண் வேலை' மாதிரி முத்திரை குத்தும் தீங்கான பாலின வார்ப்புகளுக்கு 2019 ஜூன் முதல் விளம்பர விதியே தடை போடுது.

பதில் 3: ஒரே சைக்கிள், பிங்க் நிறத்துக்கு மட்டும் கூடுதல் விலையா? அதையும் சரிபாருங்கள்.