மூலிகைப் பொட்டலத்தில் கதிரியக்க அளவை அச்சிட வேண்டுமா?

வேர்த்தேடி: மூலிகைகளில் ஈயம், பாதரசம் எல்லாம் சோதிக்கிறார்கள். கதிரியக்கத்தை மட்டும் ஏன் விட வேண்டும்? மண்ணில் யுரேனியமும் தோரியமும் உண்டு. அதில் வளர்ந்த செடியை நோயாளி மாதக்கணக்கில் சாப்பிடுகிறார். எத்தனை பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) என்று பொட்டலத்தில் போட்டே ஆக வேண்டும்.

கதிர்மானி: போட்டால் ஜனங்கள் பயப்படுவார்கள், அவ்வளவுதான். இலைப்பொடியின் கதிரியக்கத்தில் பெரும்பங்கு பொட்டாசியம்-40, அதாவது பொட்டாசியத்தில் இயற்கையாகவே சிறிதளவு இருக்கும் கதிரியக்க வகை. ஒரு கிராம் பொட்டாசியத்துக்குச் சுமார் 31 பெக்கரல். தினம் 5 கிராம் பொடி, அதில் 2 சதவீதம் பொட்டாசியம் என்று வையுங்கள்: 3 பெக்கரல். உங்கள் உடம்பிலேயே எப்போதும் 4,000 பெக்கரல் அளவுக்கு அது இருக்கிறது. மிஞ்சியதைச் சிறுநீரகம் தள்ளிவிடும்.

வேர்த்தேடி: பொட்டாசியத்தை யார் கேட்டது? யுரேனியமும் தோரியமும் சிதைந்து பிறக்கும் ரேடியத்தைச் சொல்லுங்கள். வேதியியலில் அது கால்சியத்தின் உறவுக்காரன். செடி உறிஞ்சுகிறது, நம் எலும்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. பாஸ்பேட் உரத்தோடும் வயலுக்கு வருகிறது.

மண்புழு: பொலோனியம்-210-ஐ இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். மண்ணிலிருந்து கிளம்பும் ரேடான் என்ற கதிரியக்க வாயு காற்றில் சிதைந்து ஈயம்-210 ஆகி இலைமேல் படிகிறது. அதிலிருந்து பிறப்பதுதான் பொலோனியம். அது ஆல்பா துகள் மட்டுமே உமிழ்கிறது, காமா கதிர் இல்லை என்றே சொல்லலாம். அதனால் வழக்கமான காமா அளவீட்டில் அகப்படாது, வேதிமுறையில் பிரித்துத்தான் அளக்க வேண்டும். விழுங்கினால் ஒரு பெக்கரலுக்கு 1.2 மைக்ரோசீவர்ட் (சீவர்ட் என்பது கதிர்வீச்சு உடம்பைப் பாதிக்கும் அளவு). பொட்டாசியம்-40க்கு 0.0062தான். கிட்டத்தட்ட 200 மடங்கு வித்தியாசம்! இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக அச்சிட்டு என்ன பயன்?

கதிர்மானி: ஒற்றை எண் வேண்டாம் என்றுதானே நானும் சொல்கிறேன். உலக சராசரியில் இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். சோறு தண்ணீர் எல்லாம் சேர்த்து அதில் 0.3தான். சில கிராம் பொடி எங்கே நிற்கும்?

வேர்த்தேடி: சரி, தனித்தனியாகப் போடட்டும். கஷாயத்தில் தோரியக் கவலை குறைவு, அது நீரில் அவ்வளவாகக் கரையாது, பெரும்பாலும் சக்கையோடு போய்விடும். பொடி அப்படியில்லை. வேரில் ஒட்டிய மண்ணும் சேர்ந்தே வயிற்றுக்குள் போகிறது.

கதிர்மானி: அதற்கு வேரை நன்றாகக் கழுவினால் போதும். மண் கலந்திருந்தால், பொடியை எரித்து அமிலத்தில் கரையாமல் மிஞ்சும் சாம்பலை அளக்கும் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். மருந்து நூல்களில் எப்போதோ வந்துவிட்ட சோதனைதான் அது.

மண்புழு: வேருக்குச் சரி. காற்றிலிருந்து இலையில் படிந்த பொலோனியத்தை அந்தச் சாம்பல் காட்டாதே. இலைப்பொடிக்கு என்ன சோதனை வைப்பீர்கள்?