சின்னது துள்ளுகிறது, பெரியது சட்டைக்குள் புடைக்கிறது: எந்தக் கைத்துப்பாக்கி வாங்கலாம்?

பிளேனோ கடைக்காரன்:
வணக்கம். டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் கேஸ் ஸ்டேஷனோடு சேர்ந்த கடை நடத்துகிறேன். இரவு கடையை மூடிவிட்டுப் பணத்தோடு காருக்குப் போகும்போது இடுப்பில் ஒன்று இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. கிரீன் கார்டு இருக்கிறது. உயரம் 5 அடி 4 அங்குலம், ஒல்லி உடம்பு, விரல்களும் குட்டை.

ரேஞ்சில் (சுடும் பயிற்சிக்கூடம்) கிளாக் 19, சிக் பி365 என்ற இரண்டு துப்பாக்கியையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டேன். கிளாக் கையில் நன்றாக உட்காருகிறது, குறியும் பிசகவில்லை. ஆனால் நண்பருடைய கிளாக் 19ஐக் குண்டில்லாமல் இடுப்பில் செருகிப் பார்த்தால், டி-ஷர்ட்டில் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கிறது. பி365 அளவுக்கு நேர்மாறு. உள்ளே இருப்பதே தெரியாது, ஆனால் சுட்டால் சுண்டுவிரலுக்கு இடமில்லை, முனை எகிறுகிறது, இரண்டாவது குண்டு எங்கே போகிறதென்று தெரியவில்லை. விற்பவர் "பழகிவிடும்" என்கிறார். கிளாக் 43எக்ஸ் ஒல்லியானது, அதை எடுத்தால் பிரச்சினை தீருமா?

இன்னொன்று: எச்1பியில் இருக்கும் மச்சானும் ரேஞ்சுக்கு வர ஆசைப்படுகிறார். கூட்டிப் போகலாமா?

ஹூஸ்டன் பெரியவர்:
தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். மச்சான் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம். எச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். வாடகைக்கு எடுத்து ரேஞ்சில் பிடிப்பதும் 'வைத்திருப்பது' கணக்கில்தான் வரும். முறையான வேட்டை லைசென்ஸ் இருப்பவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு, ஆனால் குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம். பின்னால் அவருக்குக் கிடைக்க வேண்டிய கிரீன் கார்டையே காவு வாங்கிவிடும். உங்கள் வீட்டில் வந்து தங்கினாலும் துப்பாக்கிப் பெட்டியின் எண் அவருக்குத் தெரியக்கூடாது.

உங்களுக்குப் பிரச்சினை இல்லை. கிரீன் கார்டுக்காரர்கள் வாங்கலாம். கடையில் வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் ஏலியன் நம்பர் (கிரீன் கார்டில் இருக்கும் எண்) கேட்பார்கள், அவ்வளவுதான்.

ரேஞ்ச் பைத்தியம்:
துப்பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். சட்டைக்கு வெளியே காட்டிக்கொடுப்பது குழல் இல்லை, பிடி. குழல் பேன்ட்டுக்குள் இறங்கிவிடுகிறது, அரை அங்குலம் கூடினாலும் யாருக்கும் தெரியாது. பிடிதான் பெல்ட்டுக்கு மேலே நிற்கிறது, நீங்கள் குனிந்ததும் அதன் அடிமுனை சட்டையைத் தள்ளுகிறது.

இந்தக் கணக்கில் 43எக்ஸைப் பாருங்கள். தடிமன் கிளாக் 19க்கு 34 மி.மீ., இதற்கு 28. ஆனால் உயரம் இரண்டுக்கும் 128 மி.மீ.தான்! ஒல்லியாக இருப்பதால் இடுப்பில் உறுத்தாது, குட்டை விரலுக்கு ட்ரிகரும் எட்டும். ஆனால் எந்த முனை புடைக்கிறதென்று சொல்கிறீர்களோ, அந்த முனை அதே இடத்தில்தான் இருக்கும். 15 குண்டுக்குப் பதில் 10.

பி365 துள்ளுவதற்கு இரண்டு காரணம். ஒன்று எடை: காலியாக ஏறக்குறைய 18 அவுன்ஸ், கிளாக் 19 சுமார் 24. அதை மாற்ற முடியாது. மற்றது பிடிமானம், அதை மாற்றலாம். இந்த சிக்கில் சீரியல் எண் இருப்பது உள்ளே இருக்கும் சிறிய இரும்புச் சட்டத்தில், சட்டப்படி அதுதான் துப்பாக்கி. வெளியே இருக்கும் பிளாஸ்டிக் பிடி வெறும் உதிரிபாகம், படிவம் எதுவும் இல்லாமல் கிடைக்கும். பி365 எக்ஸ்எல் பிடியை வாங்கிப் போட்டால் 12 குண்டு மேகசின் (பிடிக்குள் செருகும் குண்டுப்பெட்டி), சுண்டுவிரலுக்கு முழு இடம். உயரம் 4.8 அங்குலம், கிளாக் 19ஐவிடக் கால் அங்குலம் குறைவு. சிறிய குழலும் அந்தப் பிடியும் சேர்ந்தே கம்பெனியிலிருந்து வருவதுதான் பி365எக்ஸ். உங்களுக்கு நான் சொல்வது அதுதான். "பழகிவிடும்" என்பவர் விற்க வந்தவர்.

ஆமாம், நண்பர் வீட்டில் என்ன ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறை) போட்டுப் பார்த்தீர்கள்?

பிளேனோ கடைக்காரன்:
ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் துணி ஹோல்ஸ்டர் அண்ணா. சாதாரண பெல்ட். வலது பின்னிடுப்பில்.

ரேஞ்ச் பைத்தியம்:
பாதி வில்லன் அங்கேயே இருக்கிறான். துணி ஹோல்ஸ்டரைத் தூக்கிப் போடுங்கள். துப்பாக்கியை எடுத்ததும் வாய் மூடிக்கொள்ளும், திரும்பச் செருகும்போது துணி மடிந்து ட்ரிகரில் மாட்டினால் தொடை போச்சு. இந்த மாடல்கள் பெரும்பாலும் தனி சேஃப்டி பொத்தான் இல்லாமல் வருகின்றன, ட்ரிகர் இழுபட்டால் வெடிக்கும்.

அந்தந்த மாடலுக்கென்றே வார்த்த கைடெக்ஸ் (கெட்டி பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர் வேண்டும், ட்ரிகர் வளையம் முழுக்க மூடியிருக்க வேண்டும். பெல்ட்டில் முட்டி, பிடியை உடம்புப் பக்கம் திருப்பும் ஒரு சிறகு அதில் இருக்கும். கூடவே தொய்யாத கெட்டியான பெல்ட். பின்னிடுப்பை விட்டு முன்பக்கம், தொப்புளுக்கு வலப்புறம் வைத்துப் பாருங்கள். தொப்பை இல்லாதவருக்கு அங்கேதான் நன்றாக ஒளியும். ஆனால் திரும்பச் செருகும்போது சட்டையை முழுக்கத் தூக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாக. அங்கே அவசரத்துக்கு ஒரு வேலையும் இல்லை.

இதையெல்லாம் மாற்றினால் கிளாக் 19கூட உங்களுக்கு மறைந்துவிடலாம். நண்பரிடம் கைடெக்ஸ் இருந்தால் அதில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுக் காசை இறக்குங்கள்.

குண்டு பற்றிக் குழம்பாதீர்கள், 9 மி.மீ. போதும்.

ஆஸ்டின் அக்கா:
எனக்கு மணிக்கட்டு வலி, குண்டை ஏற்றத் துப்பாக்கியின் மேல்பாகத்தை, அதாவது ஸ்லைடை, பின்னால் இழுக்க முடியாமல் தவித்தேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஸி என்ற மாடலில் சுலபமாக இழுபடுகிறது. கொஞ்சம் பெரியதுதான், நான் இடுப்பில் வைப்பதில்லை. உங்கள் வீட்டம்மாவும் பழகப் போகிறார் என்றால் கடையில் அவரையும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பூட்டுப்பெட்டி கட்டாயம். 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கையில் குண்டு போட்ட துப்பாக்கி கிடைக்கும்படி அஜாக்கிரதையாக விட்டால் டெக்சாஸில் அதுவே தனிக் குற்றம்.

ஹூஸ்டன் பெரியவர்:
கடைக்காரனாக ஒரு வார்த்தை. காசோடு தனியாகக் காருக்கு நடக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. உள்ளே போட்டால் திரும்ப எடுக்க முடியாத டிராப் சேஃப் வையுங்கள், வங்கிக்குப் பகலில் போங்கள், அதுவும் தினம் ஒரே நேரத்தில் வேண்டாம். கடை மூடும்போது இரண்டு பேர் இருக்கட்டும். எவனாவது காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள். துப்பாக்கி உயிருக்கு, கல்லாவுக்கு இல்லை.

பிளேனோ கடைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. மச்சானிடம் சொல்லிவிட்டேன், முகம் வாடிப்போச்சு. டிராப் சேஃப் விலை விசாரிக்கிறேன். பக்கத்து ரேஞ்சில் பி365எக்ஸ் வாடகைக்கு இருக்கிறதாம். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் 21 வயதானவர்கள் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொள்ள லைசென்ஸ் தேவையில்லை என்கிறார்களே, அப்புறம் எல்டிசி (அதற்கான மாநில லைசென்ஸ்) எதற்கு?

ரேஞ்ச் பைத்தியம்:
எடுத்துவிடுங்கள், கட்டணம் 40 டாலர்தான், வகுப்புக்குத் தனி. பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதை மத்திய சட்டம் தடுக்கிறது. மாநில லைசென்ஸ் இருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. பள்ளிக் கட்டிடத்துக்குள் மட்டும் கூடாது. பிள்ளையை இறக்கிவிடப் போகிறவருக்கு இது தினசரி விஷயம். அந்த லைசென்ஸ் வேறு பல மாநிலங்களிலும் செல்லும். ஆனால் வாசலில் சிவப்பில் 51% (வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்பனையில் வருகிறது என்று அர்த்தம்) என்று போட்டிருக்கும் பாருக்குள் எல்டிசி இருந்தாலும் கொண்டுபோகக் கூடாது.

எல்டிசிக்கான சுடும் தேர்வில் 3, 7, 15 கெஜத்தில் மொத்தம் 50 குண்டு, 250க்கு 175 எடுத்தால் பாஸ். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கஷ்டமில்லை. வாடகைக்கு எடுக்கும்போது ரேஞ்சில் அனுமதித்தால் ஒரு மேகசினை ஒரே கையால் சுட்டுப் பாருங்கள். கடை மூடும் நேரத்தில் இன்னொரு கையில் சாவிக்கொத்து இருக்கும் அல்லவா.