பழைய சிஜே 3பி ஜீப்பின் பின் ஆக்சில்: பழுது பார்ப்பதா, முழுவதையும் மாற்றுவதா?

வேளச்சேரி ஜீப்:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1974-ஆம் ஆண்டு மஹிந்திரா சிஜே 3பி பெட்ரோல் ஜீப் இருக்கிறது. என் தகப்பனார் ஓட்டிய வண்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தொடையளவு தண்ணீர் நின்றதால், வயதானவர்களையும் குழந்தைகளையும் இந்த வண்டியில்தான் பிரதான சாலை வரை கொண்டுபோய் விட்டோம். தண்ணீர் வடிந்த பிறகு எஞ்சின் ஆயிலை மாற்றினேனே தவிர, பின் ஆக்சிலைத் திறந்து பார்க்கத் தவறிவிட்டேன்.

இப்போது வேகம் 40-ஐத் தாண்டினால் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வருகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடுகிறது, காலை எடுத்தால் அடங்குகிறது. முதல் கியரில் கிளம்பும்போது 'டக்' என்று ஓர் அடியும் கேட்கிறது. டிபரன்சியல் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பற்சக்கர அமைப்பு) மூடியின் கீழ் போல்ட்டுகளைத் தளர்த்திப் பார்த்தேன். பால் அதிகம் ஊற்றிய தேநீரின் நிறத்தில் ஆயில் கசிந்தது. புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடையில் பிரேக் டிரம்களோடு முழு ஆக்சில் ஒன்று கிடைக்கிறது, அதையே மாட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். பழையதைச் சரிசெய்து வைத்துக்கொள்ளவே எனக்கு விருப்பம். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பாடி லேத்:
ஐயா, நீங்கள் சொல்லும் இரண்டு சத்தங்களுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே திறந்து பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம். ஓடிச் சூடான ஹவுசிங் (ஆக்சிலின் வெளிக்கூடு) தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது; மேலே உள்ள பிரீதர் (காற்று வந்துபோகும் சிறு துளை) சேறு அடைத்து மூடியிருந்தால், அந்தச் சுருக்கம் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடுகிறது. அந்தத் தண்ணீர் மாதக்கணக்கில் தங்கினால் முதலில் அடிவாங்குவது பேரிங்தான். இழுவையில் கூடி, விட்டால் அடங்கும் ஊளைக்குப் பினியன் (டிபரன்சியலுக்குள் விசையைக் கொண்டுவரும் சிறு பற்சக்கரம்) பேரிங்கையே நான் முதலில் சந்தேகிப்பேன். பினியன் சுழற்றும் பெரிய பற்சக்கரமான கிரவுனின் பற்களைத் துணியால் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பல்லின் முகத்தில் அரிப்போ செதிலோ இல்லையென்றால் கிரவுனையும் பினியனையும் மாற்றத் தேவையில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டையும் ஜோடியாகவே வாங்க வேண்டும். இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறிக்கப்பட்டிருக்கும். பேரிங்கை மட்டும் மாற்றினாலும் ஷிம்களை (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடுகளை) அளந்து வைத்து, டயல் கேஜில் பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான ஆட்டம்) பார்த்து, பற்களில் நீல மை பூசித் தடம் பார்க்கும் ஆளிடமே வேலையைக் கொடுங்கள். கைப்பதத்தில் இறுக்குபவரிடம் கொடுத்தால் அதே ஊளை விரைவில் திரும்ப வரும்.

கிளம்பும்போது விழும் அடிக்கு ஹப்பை (சக்கரம் பூட்டப்படும் குடத்தை) கழற்றிப் பாருங்கள். இந்த ஆக்சிலில் ஷாஃப்டின் முனை கூம்பாக இருக்கும். ஹப் அதன்மேல் ஏறி, காடியில் அமரும் சாவி என்ற சிறு இரும்புத் துண்டோடு பூட்டப்பட்டிருக்கும். நட்டு தளர்ந்திருந்தால் சாவி நசுங்கி, ஷாஃப்டின் காடியும் அகன்றுவிடும். ஹப்பை இழுத்தெடுக்கும் புல்லர் கருவியைப் போடும்போது நட்டை முழுதாகக் கழற்றாமல் சில புரிகள் விட்டுவைப்பது மிக முக்கியம், ஏனெனில் கூம்பை விட்டு விடுபடும் ஹப் சுடப்பட்டதுபோல் பாய்ந்து வரும். திரும்பப் பூட்டும்போது குறைந்தது 150 அடி-பவுண்டு இறுக்கம் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வண்டியின் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டியின்) பின்புறத்தில் இருக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், தரையில் இருக்கும் சக்கரம் டிபரன்சியல் வழியாகத் தாராளமாக உருளும். கைப்பிரேக் போட்டிருந்தும் வண்டி நகர்ந்துவிடும். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைக்காமல் அடியில் படுக்காதீர்கள்.

போரூர் டீசல்:
லேத் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். புதுப்பேட்டை ஆக்சிலைத்தான் எடுக்க நேர்ந்தால், கடையிலேயே ஒரு ஹப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். பினியன் ஐந்தரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் அது 43-க்கு 8 பல், அதாவது 5.38 விகிதம். உங்கள் முன் ஆக்சிலின் விகிதமும் அதுவாகவே இருக்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால், தார்ச்சாலையில் நான்கு சக்கரமும் பூட்டி ஓட்டும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுகி உடையும். டிபரன்சியல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள்; உங்கள் வண்டியில் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். அது நடுவில் அமைந்த ஆக்சிலை மாட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணலாக ஓடும்.

வேளச்சேரி ஜீப்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிறன்று கட்டை வைத்து, நட்டைச் சில புரிகள் விட்டு, இடப்பக்க ஹப்பை எடுத்தேன். சாவி பாதி வெட்டுப்பட்டு ஏணிப்படிபோல் இருந்தது. ஷாஃப்டின் காடியும் அகன்றிருக்கிறது. வலப்பக்கம் நன்றாக உள்ளது. மூடியைத் திறந்தபோது கிரவுன் பற்கள் பளபளப்பாகவே இருந்தன. பினியனை வெளியே எடுத்ததும், உள் பேரிங்கின் உருளைகளில் அம்மைத் தழும்புபோல் அரிப்பு தெரிந்தது. பிரீதர் களிமண்ணால் முழுவதும் அடைத்துக் கிடந்தது.

ஆகவே முழு ஆக்சில் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இடது ஷாஃப்ட், ஹப், சாவி, எல்லாப் பேரிங்குகள், சீல்கள் ஆகியவை புதிதாக வரும். பிரீதருக்கு ஒரு ரப்பர் குழாய் பூட்டி இருக்கையின் உயரம் வரை கொண்டுபோகப் போகிறேன். ஹவுசிங்கை டீசலில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பேரிங் எண்களைக் குறித்துக்கொண்டு நாளைக் காலை உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோடு போகிறேன், லேத் அண்ணனுக்கு நேரம் இருந்தால் பினியன் அமைப்பை அவரிடமே கொண்டுவர விரும்புகிறேன்.