'ழ'வைப் பெரிசாக்கினால் வளைவு முறிஞ்சு முறிஞ்சு வருது, ஏன்?

சுன்னாகத்தான்:
கோயில் திருவிழா பேனருக்கு எண்டு சின்னதா ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறன், ஃபொண்ட்டில இருந்து எழுத்தின்ர அவுட்லைனை எடுத்து நானே கீறுறது. சின்னதாப் பார்க்கேக்க வடிவா இருக்கு, சூம் பண்ணினோடன 'ழ'வின்ர கீழ்வளைவு தகரத்தை மடிச்ச மாதிரி நிக்குது. அன்ரி ஏலியாசிங் 4 மடங்கு, 8 மடங்கு எல்லாம் போட்டுப் பார்த்திட்டன், ஒண்டுக்கும் அசையேல்ல. ஒவ்வொரு வளைவையும் 8 நேர்கோட்டுத் துண்டாப் பிரிக்கிறன். சனிக்கிழமைக்கு முதல் குடுக்கோணும், ஆராவது சொல்லுங்கோ.

பனங்கொட்டை:
தம்பி, அன்ரி ஏலியாசிங் உதுக்கு மருந்தில்லை. அது விளிம்பில தெரியிற பிக்சல் படியைத்தான் மழுப்பும், நீங்கள் பல்கோணியைக் குடுத்தால் பல்கோணியைத்தான் வடிவாக் கீறித்தரும். பிழை அந்த 8 இல. ட்ரூரைப் ஃபொண்ட் எண்டால் குவாட்ராட்டிக் பெசியர், அதாவது ரெண்டு முனைப் புள்ளியும் வளைவை இழுக்கிற ஒரு நடுக் கொன்ரோல் பொயின்ற்றும் உள்ள வளைவு, கணக்கு லேசு: முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் கூட்டி, நடுக் கொன்ரோல் பொயின்ற்றின்ர ரெண்டு மடங்கைக் கழியுங்கோ, வாற வெக்ரரின்ர நீளத்தை ரொலரன்ஸின்ர (எவ்வளவு விலகலாம் எண்ட அளவு) 4 மடங்கால பிரிச்சு வர்க்கமூலம் எடுத்தால் எத்தினை துண்டு எண்டு வந்திரும், தசமம் வந்தால் மேல ஏத்துங்கோ. ரொலரன்ஸ் கால் பிக்சல், நீளம் 400 எண்டால் 20 துண்டு வேணும். உங்கட 8 இல ஒண்டரைப் பிக்சலுக்கு மேல விலகுது, பிறகு கண்ணுக்குத் தெரியாமல் என்ன செய்யும்? அதே வளைவு சுருங்கி நீளம் 4 ஆனால் 2 துண்டே காணும்.

கீபோட் அக்கா:
ஓம், ஆனால் முதல் கொன்ரோல் பொயின்ற்றுகளை சூமால பெருக்கிப்போட்டுத்தான் துண்டாக்கோணும். துண்டாக்கினதைப் பெருக்கினால் பிழையும் சேர்ந்தெல்லோ பெருக்கும். நான் எண்டால் உந்தக் கணக்கு ஒண்டும் பார்க்கமாட்டன், கைரோ எண்ட கீறுற லைப்ரரியிட்டக் குடுத்திட்டு தேத்தண்ணி குடிக்கப் போயிருவன், அதில ரொலரன்ஸ் 0.1 எண்டு ஏற்கனவே கிடக்கு. மற்றது, அச்சுக்குக் குடுக்கேக்க துண்டாக்கவே வேண்டாம், பிடிஎஃப்பில வளைவாவே வையுங்கோ. அதில ரெண்டு கொன்ரோல் பொயின்ற் உள்ள கியூபிக்தான் இருக்கு, ரெண்டு முனையில இருந்தும் பழைய நடுக் கொன்ரோல் பொயின்ற்றைப் பார்த்து மூண்டில ரெண்டு பங்கு தூரம் போனால் ரெண்டு கொன்ரோல் பொயின்ற்றும் கிடைக்கும், வளைவு ஒரு சொட்டும் மாறாது.

சுன்னாகத்தான்:
வந்திட்டுது! பெருக்கிப்போட்டுத் துண்டாக்கினோடன சரி. பேந்தும் ரெண்டு வளைவு சேருற இடத்தில ஒரு சின்ன முறிவு நிண்டுது, பார்த்தால் 24 பிக்சல் அளவில எடுத்த புள்ளிகளை நானே தசமத்தை வெட்டி இன்ரிஜராக்கி வைச்சிருக்கிறன், அதில தொடுகோடு திரும்பிப்போச்சு. தசமத்தோடயே வைக்கிற ஃப்ளோட்டாக்கினன், முறிவு போட்டுது. அக்கா, பிடிஎஃப் இரவைக்குச் செய்யிறன்.