மனச்சோர்வுக்குக் காளான் மருந்து: இந்தியாவிலும் ஆய்வு தொடங்க வேண்டுமா?

தென்துருவம் (இழையைத் தொடங்கியவர்)

மெல்பர்னில் மனநலச் செவிலியாக வேலை பார்க்கிறேன். 2023 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவில், அதற்கென அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் இரண்டு பொருட்களை எழுதித் தரலாம். மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு சைலோசைபின். பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய்க்கு எம்டிஎம்ஏ என்ற செயற்கை இரசாயனம். சைலோசைபின் சிலவகைக் காளான்களில் இயற்கையாகவே இருப்பது. சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் மருந்து நிறுவனத்தில் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958-இல் அதைப் பிரித்தெடுத்தார்.

ஒரு சிகிச்சை நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். அதற்கு முன்பே பல அமர்வுகள் பேசியிருப்போம். காலையில் வந்ததும் இரத்த அழுத்தம் பார்த்து, ஒரு மாத்திரையைக் கொடுப்போம். படுக்கை, கண்கட்டு, காதில் இசை. நாங்கள் இரண்டு பேர் அருகில் அமர்ந்திருப்போம். ஆறு மணி நேரம், சில நாள் எட்டு மணி நேரம். ஒருமுறை ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், நான்கு மணி நேரம் ஒரு சொல்லும் பேசாமல் கிடந்துவிட்டு, கண்கட்டை விலக்காமலேயே கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டார். "அப்பா செத்தபோது நான் அழவில்லை" என்றார். பிறகு அழுதார். அவருடைய மருத்துவக் குறிப்பேட்டில் பதினோரு ஆண்டுகளாக அந்த அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இருந்ததில்லை.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் சைலோசைபின் இருக்கிறது. கடைத்தெருவுக்கு விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நல்ல மருத்துவமனைகளில் ஆய்வாவது தொடங்க வேண்டும் என்கிறேன். உங்கள் கருத்து என்ன?

---

கூக்கால் மழை

சகோதரி, நான் கொடைக்கானல் மலையில் விடுதி நடத்துகிறேன். நீங்கள் சொல்லும் பொருள் எங்களுக்கு மாத்திரையாக வரவில்லை. மழை பிடித்தால் மாட்டுச் சாணத்திலும் காட்டுமாட்டுச் சாணத்திலும் முளைக்கிறது. அதைப் பறித்துச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்று, போலீசில் சிக்கிய பையன்களை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவர்கள் அவர்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு. என் விடுதியில் தங்கியிருந்த இளைஞர் ஒருவர் சட்டை இல்லாமல் மழைக்குள் இறங்கி ஓடினார். கீழே பள்ளம். நானும் சமையல்காரரும் டார்ச் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினோம். யூக்கலிப்டஸ் மரம் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். "என் கை எங்கே, என் கை எங்கே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய கையை என் கைக்குள் வைத்து, "இதோ இருக்கிறது தம்பி" என்று விடியும்வரை சொன்னேன். எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை.

அதற்குச் 'சிகிச்சை' என்று பெயர் சூட்டினால், அடுத்த மழைக்கு எத்தனை பேர் மலையேறுவார்கள் என்று யோசித்தீர்களா? ஆய்வு என்று நீங்கள் சொல்வது ஊருக்குள் 'அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது' என்றுதான் வந்து சேரும்.

---

மருந்தியல் மேசை

கல்லூரியில் மருந்தியல் கற்பிக்கிறேன். கூக்கால் ஐயாவின் அச்சத்தோடு நானும் நிற்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக.

2022 நவம்பரில் சைலோசைபின் பற்றிய ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. பத்து நாடுகளில், மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு உள்ள 233 பேர். 25 மில்லிகிராம், 10 மில்லிகிராம், பெயருக்கு 1 மில்லிகிராம் என மூன்று குழுக்கள். மூன்றாவது வாரத்தில் மனச்சோர்வின் கடுமையைக் காட்டும் மதிப்பெண், அதே வரிசையில், சராசரியாக 12.0, 7.9, 5.4 புள்ளிகள் குறைந்தது. பெரிய அளவு கொடுத்தவர்களுக்கு நல்ல பலன்தான், மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டாவது வாரம்வரை அந்தப் பலன் நிலைத்தவர்கள், அதே குழுவில், சுமார் ஐந்தில் ஒருவர். மேலும் மூன்று குழுக்களிலுமே தற்கொலை எண்ணங்கள் பதிவாகின.

இன்னொரு சிக்கல் அடிப்படையானது. மருந்து ஆய்வு என்றால், தனக்குக் கிடைத்தது மருந்தா வெற்று மாத்திரையா என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது. இந்தப் பொருளின் மயக்கத்தில் சுவர் மூச்சு விடுவதைப் பார்க்கிற ஒருவருக்கு அது தெரியாமல் இருக்குமா? 'எனக்கு உண்மையான மருந்து கிடைத்துவிட்டது' என்ற நம்பிக்கையே பாதி நோயைத் தணித்திருக்கலாம். வெற்று மாத்திரைதான் கிடைத்தது என்று தெரிந்துகொண்டவரின் ஏமாற்றம் அவரை இன்னும் கீழே தள்ளியிருக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஆகஸ்டில் எம்டிஎம்ஏ சிகிச்சைக்கு ஒப்புதல் தர மறுத்தது. அதற்கு முன் அதன் ஆலோசனைக் குழுவில் பெரிதாக எழுந்த கேள்விகளில் இதுவும் ஒன்று.

---

பனங்கூடல்

மருந்தியல் ஐயா, ஐந்தில் ஒருவர் என்று எளிதாக எழுதிவிட்டீர்கள். அந்த ஐந்து பேரும் அதற்கு முன் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைப் பார்த்துத் தோற்றவர்கள். என்னைப் போல.

யாழ்ப்பாணத்தில் இருந்து 1996-இல் டொராண்டோவுக்கு வந்தேன். பதினான்கு ஆண்டுகள் மனச்சோர்வோடு இருந்திருக்கிறேன். ஐந்து மருந்துகள் மாறின. காளான் எடுக்கவில்லை. ஆனால் 2022-இல் எஸ்கேட்டமைன் மூக்குத்தெளிப்பு எடுத்தேன். அதுவும் மனத்தை உடலில் இருந்து பிரித்துப் போடும் மருந்துதான். வாரத்துக்கு இரண்டு முறை, நான்கு வாரம். அடித்த பிறகு இரண்டு மணி நேரம் அவர்கள் கண் முன்னாலேயே இருக்க வேண்டும். அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது.

மூன்றாவது வாரம் ஒரு காலை, நான் எழுந்து பல் துலக்கினேன். யாரும் சொல்லவில்லை. பிறகு சமையலறைக்குப் போய் வானொலியைப் போட்டேன். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டா. அந்த வீட்டில் நான்கு ஆண்டுகளாக நான் வானொலியைத் தொட்டதில்லை.

எட்டு மாதத்தில் நோய் பாதி திரும்பி வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த எட்டு மாதத்தில்தான் மகளின் பட்டமளிப்புக்குப் போனேன்.

---

வேர்த்தொகை

சித்த மருத்துவக் குடும்பத்தில் பிறந்தவன் நான். எல்லோரும் மில்லிகிராமிலேயே பேசுகிறீர்கள். இந்த அறிவு யாருடையது?

மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்தில் ஹுவாவுட்லா என்ற மலையூர். மசாடெக் மக்களின் ஊர். அங்கே மரியா சபினா என்ற பெண்மணி நோயாளிகளுக்காக இரவு முழுவதும் காளான் சடங்கு நடத்திவந்தார். 1955-இல் கார்டன் வாசன் என்ற அமெரிக்க வங்கியாளர் வந்து உடன் அமர்ந்தார். 1957-இல் 'லைஃப்' இதழில் கட்டுரை எழுதினார். பிறகு ஊருக்குள் வெளிநாட்டு இளைஞர்கள் சாரை சாரையாக வந்தார்கள். போலீஸ் வந்தது. ஊரார் கோபம் மரியா சபினாமீது திரும்பியது. அவருடைய வீடு எரிக்கப்பட்டது. 1985-இல் வறுமையிலேயே இறந்தார். இன்று அதே காளானின் மருந்துக்கு நிறுவனங்கள் காப்புரிமை வாங்குகின்றன.

நம்மிடமும் அமுக்கரா இருக்கிறது, நீர்ப்பிரமி இருக்கிறது, வல்லாரை இருக்கிறது. மூலிகை மெதுவாக வேலை செய்யும், ஆளை முறிக்காது. கைக்குள் இருக்கிற மூலிகையை ஆராயாமல், வெள்ளைக்காரர் திருப்பி விற்கும் காளானுக்கு ஏன் வரிசையில் நிற்க வேண்டும்?

---

மருந்தியல் மேசை

மரியா சபினாவுக்கு நடந்தது அநியாயம், அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் 'மூலிகை ஆளை முறிக்காது' என்பதை என்னால் ஏற்க முடியாது.

சர்ப்பகந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1931-இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், அந்த வேர் மனப்பிறழ்வுக்கும் இரத்தக்கொதிப்புக்கும் பயன்படுவதை மருத்துவ இதழில் எழுதினார்கள். 1952-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா மருந்து நிறுவனத்தார் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்துப்பொருளைப் பிரித்தார்கள். இரண்டே ஆண்டில் நியூயார்க்கில் நாதன் கிளைன் என்ற மனநல மருத்துவர் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். நம் மண்ணின் வேர் உலக மனநல மருத்துவத்தின் போக்கையே மாற்றியது, பெருமைதான். ஆனால் அதே ரெசர்பினை இரத்த அழுத்தத்துக்காக எடுத்த சிலருக்குக் கடும் மனச்சோர்வு வந்ததாகச் செய்திகள் எழுந்தன. அந்தத் தொடர்பு உறுதியா என்று பின்னாளில் ஐயம் கிளப்பியவர்களும் உண்டு. எப்படியானாலும், மூளையைத் தொடும் வேர் மூளையைத் தொடும் இரசாயனம்தான். அமுக்கரா எடுத்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அமேசான் காட்டின் அயாவாஸ்கா என்ற மூலிகைக் கஷாயத்தை, வழக்கமான மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். காபோன் நாட்டு இபோகா வேரின் சத்து இதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைக்கக்கூடியது.

இன்னொன்று. 1962-இல் ஹாஃப்மன் ஹுவாவுட்லாவுக்கே போய், தன் சைலோசைபின் மாத்திரைகளை மரியா சபினாவிடம் கொடுத்தார். காளானில் இருக்கும் சக்தி இதிலும் இருக்கிறது என்று அந்த அம்மையார் ஒப்புக்கொண்டதாக ஹாஃப்மன் எழுதியிருக்கிறார்.

---

வேர்த்தொகை

'முறிக்காது' என்று எழுதியது தவறு. சர்ப்பகந்தியை என் தாத்தா அளந்து கொடுப்பாரே தவிர யார் கையிலும் வேராகத் தர மாட்டார். அது நினைவிருந்தும் அப்படி எழுதிவிட்டேன்.

ஆனால் மாத்திரையின் கதையில் நீங்கள் விட்டுவிட்டது ஒன்று இருக்கிறது. அந்த மாத்திரையைக் கொடுத்த இரவிலும் மரியா சபினா பாடினார். உடன் இருந்தவர்களின் பக்கத்தில் விடியும்வரை இருந்தார். தென்துருவம் அக்காவின் அறையில் இரண்டு பேர் எட்டு மணி நேரம் உட்காருகிறார்கள். நோய் ஆறுவதில் பாதி அதனால்தான் என்பது என் எண்ணம். அதற்கு நீங்கள் எத்தனை மில்லிகிராம் போடுவீர்கள்?

---

மருந்தியல் மேசை

அதுதான் என் கவலையும். தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16-இன்படி, மனநோய் உள்ள இந்தியர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை. நோய்க்கு ஏற்ப, 70 விழுக்காட்டில் இருந்து 90-க்கு மேல்வரை பேர் இப்படி விடுபடுகிறார்கள். ஒரு இலட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. நான் அறிந்த அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில், ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அங்கே ஒரு நோயாளிக்கு இரண்டு பேரை ஒரு முழுநாள் உட்கார வைப்பது யார்? கடைசியில் பணம் உள்ளவர்களின் சிகிச்சையாகத்தான் முடியும். ஆஸ்திரேலியாவிலேயே பல்லாயிரம் டாலர் ஆகிறது.

கூக்கால் ஐயாவிடம் ஒரு கேள்வி. அந்த இளைஞர் ஏற்கெனவே ஏதாவது மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாரா?

---

கூக்கால் மழை

எடுத்துக்கொண்டிருந்தார். காலையில் அவருடைய அண்ணன் மதுரையில் இருந்து வந்தபோது பையைத் திறந்தோம். லித்தியம் அட்டை இருந்தது. மனம் உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவ மனநோய்க்குத் தரும் மாத்திரை அது. பத்து மாத்திரையில் நான்கு மட்டும் பிரித்திருந்தது. மூன்று வாரமாக நிறுத்தியிருக்கிறார். காளான் எடுத்தால் மூளை புதிதாகிவிடும், மாத்திரை வேண்டியதில்லை என்று ஏதோ காணொளியில் பார்த்தாராம். அண்ணன் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

---

தென்துருவம்

ஐயா, இதைப் படித்ததும் நெஞ்சு அடைத்தது. அப்படிப்பட்டவருக்கு நாங்கள் இதைக் கொடுக்கவே மாட்டோம். இருதுருவ மனநோய் உள்ளவர்கள், மனச்சிதைவு உள்ளவர்கள், குடும்பத்தில் அது இருப்பவர்கள் ஆகியோரை முதல் அமர்விலேயே வடிகட்டிவிடுவோம். லித்தியத்தோடு இந்தப் பொருள் சேர்ந்தால் வலிப்பு வருவதாகவும் பதிவுகள் இருக்கின்றன.

ஆனால் பாருங்கள். சட்டம் தடுத்தும் அவருக்குக் காளான் கிடைத்தது. கிடைக்காமல் போனது, 'உனக்கு இது ஆகாது' என்று சொல்ல ஓர் ஆள். ஆய்வு நடக்கும் ஊரில் அதைச் சொல்ல மருத்துவர்கள் இருப்பார்கள்.

மருந்தியல் ஐயா, ஆள் பற்றாக்குறை உண்மை. ஆனால் ஆள் இல்லை என்பதற்காக ஆய்வே வேண்டாம் என்றால் ஆள் என்றைக்கு உருவாகும்? குழுவாகச் சிகிச்சை தரலாமா, பயிற்சி பெற்ற செவிலியர்கள் அமரலாமா என்பதை எல்லாம் நம் மண்ணில் சோதித்தால்தான் தெரியும்.

---

மருந்தியல் மேசை

ஒரு நிபந்தனையோடு வருகிறேன். மருந்து பெறும் குழுக்களோடு இன்னொரு குழுவும் இருக்க வேண்டும். அவர்களுக்கு மருந்து இல்லை. ஆனால் அதே அறை, அதே இரண்டு பேர், அதே எட்டு மணி நேரம். வேர்த்தொகை தம்பி கேட்டதற்கு அப்போதுதான் பதில் கிடைக்கும். கனடாவில் ஓர் எம்டிஎம்ஏ ஆய்வில் சிகிச்சையாளரே நோயாளியிடம் அத்துமீறிய கொடுமையும் நடந்திருக்கிறது. ஆகவே அறையில் நடப்பது முழுவதும் காணொளியாகப் பதிவாக வேண்டும். இவை இல்லாத ஆய்வை எதிர்ப்பேன்.

---

பனங்கூடல்

அந்த மருந்தில்லாக் குழுவில் என்னைப் போட்டிருந்தால் நான் எழுந்திருப்பேனா என்று இரவெல்லாம் யோசித்தேன். எழுந்திருக்க மாட்டேன் என்றுதான் படுகிறது. பக்கத்தில் என் மனைவி பதினான்கு ஆண்டுகள் இருந்தாவே. அதைவிட யார் உட்கார முடியும்? மருந்தும் வேண்டும் ஐயா. அதைக் குறைத்துப் பேசாதீர்கள்.

கூக்கால் அண்ணா, உங்கள் மலைக்குக் காளான் தேடி வருகிறவர்களில் எல்லோரும் கூத்தடிக்க வருவதில்லை. இல்லை என்று சொல்லும்போது, எதற்கு என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

---

கூக்கால் மழை

தம்பி, நீங்கள் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ஆய்வு நடத்துவதென்றால் ஊருக்குள் எப்படிப் போய்ச் சேரும் என்ற என் பயம் இன்னும் போகவில்லை. மருத்துவமனைக்குள் நடக்கட்டும், 'மலைக் காளான் மருந்து' என்று ஒரு செய்தித்தாளும் போடக் கூடாது.

இங்கே நேற்று முதல் மழை. வாரக் கடைசிக்கு அறை கேட்ட ஒருவர், காளான் கிடைக்குமா என்று கேட்டு எழுதியிருந்தார். வழக்கமாக அழித்துவிடுவேன். இந்த முறை, கிடைக்காது என்று எழுதி, எதற்காகக் கேட்கிறீர்கள், ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா என்றும் கேட்டேன். அரசின் மனநல உதவி எண் 14416-ஐயும் அடியில் போட்டேன்.

பார்த்துவிட்டார். இன்னும் பதில் எழுதவில்லை.